செம்மண் காட்டில் இரண்டு சைக்கிள்

எங்கள் ஊரில் மேடு என்றால் ஆற்றங்கரை. அதை விட்டால் ரயில்வே கேட்டில் தண்டவாளம் கொஞ்சம் உயர்ந்திருக்கும். மற்றதெல்லாம் நெல்வயல், வரப்பு, வாய்க்கால் என்று தட்டையாகக் கிடக்கும். அதனால் எங்கள் பக்கத்துச் சைக்கிளில் பிரேக் வெறும் அலங்காரம். ரப்பர் கட்டை தேய்ந்து உதிர்ந்தாலும் மாற்ற மாட்டோம். மிதிப்பதை நிறுத்தினால் வண்டி தானாக நிற்கும். அவசரமென்றால் முன் டயரின் மேல் செருப்புக் காலை வைத்து ஓர் அழுத்து அழுத்துவோம். சைக்கிள் பழகும்போதே இதையும் சேர்த்துப் பழகிக்கொள்வது வழக்கம்.

இப்போது காட்டுப் பாதையில் ஓட்டுவதற்கென்றே தடித்த டயரும் ஏகப்பட்ட கியரும் வைத்த சைக்கிள்கள் கடைக்கு வந்திருக்கின்றன. முழங்காலுக்கு ஒரு கவசம், தலைக்கு ஒரு கவசம், முதுகில் தண்ணீர்ப் பை. அதையெல்லாம் மாட்டிக்கொண்டு நாலு பேர் கிளம்புவதைப் பார்த்தால் எனக்குச் சிரிப்பும் வரும், கொஞ்சம் எரிச்சலும் வரும். நானும் என் நண்பனும் எழுபதுகளின் தொடக்கத்தில் இதே வேலையைச் செய்தோம். எங்களிடம் இருந்தது ஆளுக்கொரு இரும்புச் சைக்கிளும் ஆளுக்கொரு ரப்பர் செருப்பும்தான்.

மன்னார்குடிக்கும் ஒரத்தநாட்டுக்கும் நடுவில் இருந்தது எங்கள் ஊர். அங்கிருந்து மேற்கே பத்துப் பன்னிரண்டு மைல் போனால் கல்லணைக் கால்வாய் வரும். எங்கள் ஆட்கள் அதைப் புது ஆறு என்பார்கள். அதன் பாலத்தைத் தாண்டிக் கொஞ்ச தூரம் போய்விட்டால் மண்ணின் நிறமே மாறிவிடும். களிமண் போய்ச் செம்மண், சரளைக்கல். நெல் போய் முந்திரிக் காடு, தைலமரம், ஈச்சம்புதர், காரைச்செடி. மழைத் தண்ணீர் அறுத்துப் போட்ட ஓடைகள் ஆள் ஆழத்துக்கு இருக்கும். ஆடுகள் நடந்து நடந்து போட்ட தடங்கள் அந்த ஓடைகளுக்குள் இறங்கி மறுபக்கம் ஏறும். எங்களுக்கு அதுதான் மலை.

நண்பனும் நானும் கல்லூரியில் ஒரே வகுப்பு, ஊரும் ஒன்றுதான். அவனுடைய அக்காவை அந்தக் காட்டு ஓரத்து ஊர் ஒன்றில் கட்டிக்கொடுத்திருந்தார்கள். அக்காவைப் பார்க்கப் போய்வந்ததில் தடங்களெல்லாம் அவனுக்கு அத்துப்படி. ஒரு ஞாயிற்றுக்கிழமை என்னையும் கூட்டிப் போனான். அன்றைக்கே எனக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது. அதன் பிறகு மழை இல்லாத ஞாயிறு எதையும் நாங்கள் விட்டதில்லை.

அவனுடையது ஒரு தபால்காரரிடம் வாங்கிய பழைய சைக்கிள். மேலே கறுப்பு அடித்திருந்தான், கீறல் விழுந்த இடத்தில் சிவப்பு தெரியும். என்னுடையது கல்லூரியில் சேர்ந்தபோது அப்பா புதிதாக வாங்கிக் கொடுத்தது. காட்டில் ஓட்டுவதற்காக நான் அதன் மட்கார்டு, செயின் கவர், கேரியர் எல்லாவற்றையும் கழற்றிப் பரண்மேல் போட்டேன். கேரியரை மட்டும் அவன் கழற்றவில்லை. வாரத்தில் மற்ற நாட்களில் புல்லுக்கட்டு ஏற்ற அது வேண்டும். காட்டுக்கு முதல்முறை போய்வந்ததுமே அவன் பிரேக் கட்டைகளைப் புதிதாக மாற்றினான். தேய்ந்துபோன என் கட்டைகளையும் மாற்றச் சொன்னான். பிரேக் பிடிக்கிறவன் என்ன வீரன் என்று நான் அவனைக் கேலி செய்தேன்.

ஓட்டும் வித்தை முழுக்க அவன் சொல்லிக் கொடுத்ததுதான். சரளையில் காற்று கொஞ்சம் இறங்கிய டயர்தான் பிடிக்கும். இறக்கத்தில் சீட்டைவிட்டு எழுந்து பின்னுக்குச் சாய வேண்டும். கல்லைப் பார்த்தால் கல் மேல்தான் ஏறுவாய், வழியைப் பார் என்பான். அவன் முன்னால் போனால் முந்திரிக் கிளைகளுக்குக் கீழே குனிந்து குனிந்து மறைவான். சட்டை முதுகு மட்டும் அங்கங்கே தெரியும். பேச்சு அதிகம் கிடையாது. பேச்சுக்குத்தான் நான் இருந்தேனே.

என் பேச்சைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். அப்போது ஆட்சி மாறிச் சில வருஷங்கள் ஆகியிருந்தன. கல்லூரி மேடையில் மைக்கைப் பிடித்தவன் எவனும் அடுக்குமொழி இல்லாமல் இறங்க மாட்டான். நான் அதில் கொஞ்சம் கெட்டிக்காரன். சாதியைச் சாய்ப்போம், சமத்துவத்தைச் சமைப்போம் என்று தொடங்கினால் கைதட்டல் அடங்க நேரமாகும். என் அப்பாவும் ஆளுங்கட்சிதான். தோளில் கட்சிக் கரை போட்ட துண்டு. காலடியில் ஐந்து வேலி நிலம், ஏக்கர் கணக்கில் முப்பதுக்கு மேல். துண்டுக்கும் நிலத்துக்கும் சண்டை வந்தால் எது ஜெயிக்கும் என்று எங்கள் வீட்டில் யாருக்கும் சந்தேகம் இருந்ததில்லை. நண்பனுடைய அப்பா அந்த நிலத்தில் கூலிக்கு அறுக்கிறவர். ஊரில் விவசாயக் கூலிகள் சங்கம் வைத்தபோது அவரைத்தான் செயலாளர் ஆக்கினார்கள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் நாங்கள் சந்திக்கும் இடம் தார்ரோட்டுப் பாலம். நான் எவ்வளவு சீக்கிரம் போனாலும் அவன் எனக்கு முன்னால் அங்கே நிற்பான். நேரம் தவறாதவன் என்று அவனைப் பற்றி வகுப்பில்கூடச் சொல்லியிருக்கிறேன். திரும்பும்போதும் பாலத்தில் நின்றுவிடுவான். நீ முன்னால் போ, எனக்கு டீக்கடையில் ஒரு வேலை இருக்கிறது என்பான். அப்படி என்ன வேலை என்று ஒருநாளும் நான் கேட்டதில்லை.

மார்கழித் தொடக்கத்தில் ஒரு ஞாயிறு. காட்டுக்குள் ஒரு நீண்ட தடத்தில் அவன் முன்னால், நான் பின்னால். எதிரே தலையில் துண்டு கட்டிய ஒரு பெரியவர் ஆடுகளை ஓட்டிக்கொண்டு வந்தார். அவரைக் கண்ட கணத்தில் நண்பன் ஓடுகிற சைக்கிளிலிருந்து குதித்து, ஹேண்டில்பாரைப் பிடித்துக்கொண்டு புதரோரமாக ஒதுங்கி நின்றான். பின்னால் வந்த நான் அவன் மேல் மோதாமல் இருக்க ஈச்சம்புதருக்குள் விழுந்தேன். ஆட்டுக்காரருக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஏன் தம்பி, ஆடு முட்டும்னு பயமா என்று கேட்டுச் சிரித்துக்கொண்டே போனார்.

நான் முள்ளைப் பிடுங்கிக்கொண்டே ஏன் இறங்கினாய் என்று கேட்டேன். பழக்கம் என்றான். அப்படியும் எனக்குப் புரியாததால் அவன் சொல்லவேண்டியதாயிற்று. சேரியிலிருந்து தார்ரோட்டுக்கு வர எங்கள் தெருவைத்தான் தாண்ட வேண்டும். தெரு முனையில் இறங்கி, மறுமுனை வரை தள்ளிக்கொண்டு வந்து, பாலத்தில்தான் ஏறுவான். எதிரே யாராவது வந்தால் ஒதுங்கி நிற்பான். பாலத்தில் அவன் எனக்கு முன்னால் வந்து நின்றது, நான் ஓட்டிக்கொண்டும் அவன் தள்ளிக்கொண்டும் ஒரே தெருவில் சேர்ந்து வரக்கூடாது என்பதற்காக. திரும்பும்போது டீக்கடையில் வேலை வந்ததும் அதற்காகத்தான்.

எனக்கு இது தெரியாது என்று சொன்னால் பொய். பிறந்ததிலிருந்து பார்த்திருக்கிறேன். சேரி ஆட்கள் எங்கள் தெருவில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போவார்கள், செருப்பைக் கையில் எடுத்துக்கொள்வார்கள். அது வாய்க்காலில் தண்ணீர் போகிற மாதிரி தன்பாட்டுக்கு நடந்துகொண்டிருந்தது. அதில் அவனும் ஒருவன் என்று எனக்குத் தோன்றவேயில்லை. மேடையில் நான் சாய்த்த சாதி எல்லாம் எங்கேயோ வேறு ஊரில் இருந்தது.

கோபம் வந்தது. அவன் மேல் வந்தது என்பதுதான் வேடிக்கை. படித்தவன் நீயே இறங்கினால் எப்படி, உனக்கு ரோஷம் இல்லையா என்று கேட்டேன். அவன் செயினைத் துடைத்துக்கொண்டிருந்தான். அறுப்பு முடியட்டும், நாம் இரண்டு பேரும் சேர்ந்து நம் தெருவில் ஓட்டிக்கொண்டு போவோம், யார் கேட்கிறார்கள் பார்ப்போம் என்றேன். வேண்டாம் என்றான். நான் விடவில்லை. அடுத்தடுத்த ஞாயிறுகளிலும் அதே பாட்டு. கடைசியில் அவன் சலித்துப்போய், "சரிடா, போவோம். ஆனா அன்னிக்கி நீ எங்கூட வரணும். பாதியில வீட்டுக்குள்ள பூந்துடக் கூடாது" என்றான். நான் அவன் தோளில் அடித்துச் சத்தியம் செய்தேன்.

தை பிறந்ததும் அறுப்புக் கூலித் தகராறு முற்றியது. சங்கத்துக்காரர்கள் அறுத்துப் போடும் ஒவ்வொரு கலத்துக்கும், அதாவது பன்னிரண்டு மரக்காலுக்கு, அரை மரக்கால் நெல் கூட்டிக் கேட்டார்கள். மிராசுதார்கள் கால் மரக்காலுக்குக்கூட இறங்கவில்லை. அப்பா தெற்கேயிருந்து வெளியாட்களை லாரியில் கொண்டுவந்து இறக்கினார். மறுநாள் எங்கள் வயலின் வரப்பில் செங்கொடி நட்டிருந்தது. பள்ளிக்கூட வாசலில் போலீஸ் வேன் வந்து நின்றது. தெருமுனை மதகில் என் சித்தப்பாவும் நாலைந்து பேரும் கம்புகளோடு உட்கார ஆரம்பித்தார்கள். சேரி ஆட்கள் தெரு வழியாக வருவதே நின்றுபோனது. வயல்வரப்பில் சுற்றிக்கொண்டு தார்ரோட்டுக்குப் போனார்கள். இந்த நிலையிலும் ஞாயிறு வந்ததும் நாங்கள் காட்டுக்குப் போனோம். இப்போது நினைத்தால் அவன் வந்ததுதான் ஆச்சரியம். எனக்கு வீட்டுச் சத்தத்திலிருந்து தப்பித்தால் போதும் என்றிருந்தது.

முந்திரி பூக்கத் தொடங்கியிருந்தது. காடு முழுக்க ஒரு புளித்த இனிப்பு வாசனை. பெரிய ஓடை ஒன்றில் அவன் மெல்லப் பிரேக்கைப் பிடித்துப் பிடித்து இறங்கி, மறுகரை ஏறி நின்று, பார்த்து வா என்று கை காட்டினான். நான் வேகமாகவே விட்டேன். பாதி இறக்கத்தில் ஒரு வெட்டுப்பள்ளம் தெரிந்தது. பிரேக்கைப் பிடித்தேன், இரும்பில் இரும்பு உரசிய சத்தம் மட்டும் வந்தது. உடனே பழகிய பழக்கத்தில் வலது காலை முன் டயரின் மேல் வைத்தேன். தட்டை நிலத்தில் அது சரியான வைத்தியம். அந்தச் சரிவில் டயர் என் பாதத்தை அப்படியே இழுத்துக்கொண்டு போய் முன் ஃபோர்க்கின் இடுக்கில் செருகியது. மட்கார்டு இருந்திருந்தால் கால் உள்ளே போயிருக்காது. நான் சைக்கிளோடு குட்டிக்கரணம் போட்டு ஓடையின் அடியில் விழுந்தேன். கணுக்கால் வெளிப்பக்கமாகத் திரும்பிக் கிடந்தது. வேறு யாருடைய காலோ என்று ஒரு நிமிஷம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவன் திட்டவில்லை. தைலமரக் குச்சி இரண்டை ஒடித்து, தன் துண்டைக் கிழித்து, காலோடு சேர்த்துக் கட்டினான். முந்திரிக் காவல்காரர் ஒருவரிடம் என் சைக்கிளை ஒப்படைத்தான். என்னைத் தூக்கித் தன் சைக்கிள் கேரியரில் உட்காரவைத்து, காலை நீட்டி ஒரு கயிற்றால் தொங்கவிட்டான். பிறகு பன்னிரண்டு மைலுக்கு மேல் டபுள்ஸ். ஒரத்தநாட்டில் ஆஸ்பத்திரியில் காட்டலாம் என்றான். எலும்பு முறிந்தால் ஆஸ்பத்திரிக்குப் போவது அப்போது எங்கள் வீட்டு வழக்கமில்லை. கட்டுக் கட்டுகிறவர் வீட்டுக்கே வருவார். வீட்டுக்குப் போ என்றேன். வெயிலில் அவன் முதுகு நனைந்து சட்டை ஒட்டியது. ஒவ்வொரு பள்ளத்திலும் நான் அவன் இடுப்பைப் பிடித்துக்கொண்டு கத்தினேன். அவன் பள்ளங்களை முன்கூட்டியே சொல்லிக்கொண்டு வந்தான்.

தார்ரோட்டுப் பாலத்தைத் தாண்டி ஊருக்குள் திரும்பினோம். தெருமுனை மதகில் கம்புகளும் வேட்டிகளும் தெரிந்தன. சித்தப்பாவின் தலைப்பாகை தனியாகத் தெரிந்தது. எங்கள் வீடு தெருவின் நடுவில். அவன் வேகத்தைக் குறைக்கவில்லை.

இறங்கப் போகிறாயா என்று கேட்டேன். அவன் திரும்பாமலே, "எறங்கித் தள்ளுனா ஒங்காலு ஆடும். வலி தாங்க மாட்ட. இன்னிக்கே போயிடலாம்டா. நீயும் எங்கூடத்தான இருக்க" என்றான்.

அவன் குரலில் பயம் இல்லை. கொஞ்சம் சந்தோஷம்கூட இருந்தது என்று நினைக்கிறேன். அத்தனை வாரம் நான் ஓதிய பாட்டு அவனுக்குள் போய் வேலை செய்திருக்கிறது. பலித்தது என்று நான் மகிழ்ந்திருக்க வேண்டும். நானோ மதகில் இருந்தவர்கள் எழுந்து நிற்பதைப் பார்த்தேன். எங்கள் வீட்டு வாசலில் வெள்ளைத் துண்டோடு அப்பா நிற்பதைப் பார்த்தேன்.

"வேணாம். எறங்கித் தள்ளு" என்றேன்.

அவன் காதில் விழாத மாதிரி நாலு மிதி மிதித்தான். நான் அவன் சட்டையைப் பிடித்து இழுத்து, "எறங்குடா" என்றேன். அதை நான் சொன்ன விதம் எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது. என் அப்பா களத்தில் பேசுகிற குரல் அது. என் தொண்டையிலும் அது இருந்திருக்கிறது.

சைக்கிள் சட்டென்று நின்றது. அவன் ஒரு காலை ஊன்றி, பிறகு மறு காலையும் இறக்கினான். "நானா எறங்குறது வேற. நீ சொல்லி எறங்குறது வேற" என்றான். ஒரு கையால் ஹேண்டில்பாரையும் மறு கையால் என் முழங்காலையும் பிடித்துக்கொண்டு, என் கால் ஆடாமல் தெருவில் தள்ளிக்கொண்டு போனான். மதகில் இருந்தவர்கள் வழி விட்டார்கள். என்னை இறக்கி உள்ளே தூக்கிப் போனார்கள். யாரும் அவனுக்கு ஒரு சொம்புத் தண்ணீர் கொடுக்கவில்லை. கொடுங்கள் என்று நானும் சொல்லவில்லை. ஆள் ஆளுக்கு என் காலைப் பார்த்துக்கொண்டிருந்தபோது அவன் போய்விட்டிருந்தான்.

கட்டுப் போட்டு வாசலறைக் கட்டிலில் படுக்கவைத்தார்கள். அவனை அடித்துவிடுவார்கள் என்று பயந்துதான் சொன்னேன் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். அதில் கொஞ்சம் உண்மையும் உண்டு. அதனால்தான் அந்தச் சாக்கு பல வருஷம் எனக்கு உதவியது. ஆனால் அவர்கள் என்னைப் பின்னால் வைத்துக்கொண்டு வருகிறவனை அந்த நேரத்தில் அடித்திருக்க மாட்டார்கள். நான் பயந்தது அவனுக்காக இல்லை. ஒரு சேரிப் பையன் மிதித்துக்கொண்டு வருகிற சைக்கிளில் அவன் இடுப்பைப் பிடித்து உட்கார்ந்திருப்பதை அப்பா பார்த்துவிடுவாரே என்று பயந்தேன். வெட்கமாக இருக்கிறது. அன்றைக்கும் இருந்தது.

மன்னிப்புக் கேட்டு ஒரு கடிதம் எழுதினேன். அதிலும் அடுக்குமொழி வந்து விழுந்தது, கிழித்துப் போட்டேன். இரண்டாவது கடிதத்தில் வந்து பார் என்று மட்டும் எழுதி வகுப்புப் பையன் ஒருவனிடம் கொடுத்து அனுப்பினேன். பதில் வரவில்லை. என் சைக்கிள் ஒரு மாட்டுவண்டியில் வந்து சேர்ந்தது. அவன் அக்கா ஊர்க்காரர் கொண்டுவந்து வாசலில் சாய்த்துவிட்டுப் போனார். முன்சக்கரம் வளைந்தது வளைந்தபடி இருந்தது.

மாசி பாதியில் சப் கலெக்டர் முன்னிலையில் பேச்சு நடந்தது. கால் மரக்கால் கூட்டுவதாக முடிவாயிற்று. வெளியாட்கள் லாரியில் திரும்பிப் போனார்கள், எங்கள் ஊர் ஆட்கள் வயலில் இறங்கினார்கள். அப்பாவுக்கு மூன்று நாள் சாப்பாடு இறங்கவில்லை. மதகில் உட்காருவது நின்றது, போலீஸ் வேன் மட்டும் இன்னும் பள்ளிக்கூடத்தில் இருந்தது.

அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணி இருக்கும். அப்பா வாசலில் நாற்காலி போட்டுக் கட்சிப் பத்திரிகை படித்துக்கொண்டிருந்தார். நான் உள்ளே ஜன்னலோரக் கட்டிலில் காலைத் தலையணைமேல் வைத்துப் படுத்திருந்தேன். தெருக்கோடியில் நாய்கள் குரைத்தன. வீடுகளிலிருந்து ஆட்கள் வெளியே வந்தார்கள். நான் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு எழுந்து ஒற்றைக் காலில் நின்றேன்.

ஏழெட்டுச் சைக்கிள்கள் வந்தன. எல்லாம் டவுனில் வாடகைக்கு எடுத்தவை. சீட்டுக்குப் பின்னால் நம்பர் எழுதியிருந்தது. சேரிப் பையன்கள், வெள்ளைச் சட்டை போட்டிருந்தார்கள். சிலர் அப்போதுதான் பழகியவர்கள், ஹேண்டில்பார் ஆடியது. முன்னால் அவன், அந்தத் தபால்காரர் சைக்கிளில். அவன் வேகமாகப் போகவில்லை. மணி அடிக்கவில்லை, கோஷம் போடவில்லை. முதுகை நிமிர்த்தி, சந்தைக்குப் போகிறவன் போல மெதுவாக மிதித்து வந்தான். சித்தப்பா தன் வீட்டு வாசலில் வேட்டியை மடித்துக் கட்டியபடி நின்றார். பள்ளிக்கூடத்துப் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டு நின்ற இடத்திலேயே நின்றார்.

அவர்கள் எங்கள் வீட்டை நெருங்கினார்கள். அப்பா பத்திரிகையை மடியில் வைத்தார். என்னைத் திரும்பிப் பார்க்காமலே, "அந்த முன்னால வர்றவன் ஒங்கூடப் படிக்கிறவன்தானே? எறங்கச் சொல்லுடா அவன" என்றார்.

ஜன்னலுக்கு நேராக அவன் வந்தான். பத்தடி தூரம்கூட இல்லை. நான் ஜன்னலில் நிற்பது அவனுக்குத் தெரியாமல் இருக்காது. அவன் பாதையை மட்டும் பார்த்துக்கொண்டு கடந்து போனான். பின்னால் வந்த சைக்கிள்கள் ஒவ்வொன்றாகப் போய்க்கொண்டிருந்தன. அப்பா இன்னொரு முறை, "ஒன்னத்தான் சொல்றேன்" என்றார்.

"சொல்ல மாட்டேன் அப்பா. ஒரு தடவ சொன்னது போதும்" என்றேன்.

அப்பா என்னைத் திரும்பிப் பார்த்தார். வாழ்நாளில் அவரை எதிர்த்து நான் சொன்ன முதல் வார்த்தை அது. சத்தமாகத்தான் சொன்னேன். ஆனால் அவன் அதற்குள் தெருவைத் தாண்டிப் பாலத்துப் பக்கம் திரும்பிவிட்டிருந்தான்.